சரம் மாறும் நேரம்

என் புருஷனின் மூக்கைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவருடைய அண்ணன் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அவள் பெயரை எழுதப் போவதில்லை. அந்த வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதுமில்லை. அவருக்கு அண்ணி, எனக்கு அக்கா. அக்கா என்று வாய்தான் கூப்பிட்டது, வயிறு எரிந்துகொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் திருந்திக் கண்ணீர் விடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் எங்கள் வீடு. ஒரு கூடம், கூடத்தை ஒட்டி ஓர் அறை, சமையல்கட்டு, கொல்லையில் கிணறு. அவருக்கு மவுண்ட் ரோடில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை, ராத்திரி ஷிப்டு. ஊர் தூங்கும்போது அவர் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருப்பார். விடிந்ததும் டிராமில் வந்து லஸ் முனையில் இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தாரானால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பார். ஆகவே காலை முழுவதும் அந்த வீட்டில் தூங்குகிற ஆம்பிளை ஒருவர், விழித்துக்கொண்டிருக்கிற பெண்கள் இரண்டு பேர். சண்டைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு இல்லை. ஆனால் சத்தம் போட்டால் அவர் எழுந்துவிடுவார் என்பதால் சண்டையும் போட முடியாது.

அக்கா உயரம், ஒல்லி. நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. நடந்தால் சத்தமே வராது. வலது கையில் ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பின்புறத்தை எதிரே இருப்பவரின் மூக்குக்குக் கீழே கொண்டுபோவது அவள் பழக்கம். மற்றவர்கள் "சௌக்கியமா" என்று கேட்பதற்குப் பதிலாக அவள் இதைச் செய்வாள். பால்காரன், கீரைக்காரி, வரி வாங்க வந்த ஆள் என்று யாரையும் விட்டதில்லை. விரல் பின்னால் மயிர்க்காலில் காற்றுப் பட்டால் போதும், இடது, வலது என்று சொல்லிவிடுவாள்.

அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது என் புருஷனுக்கு ஆறு வயதாம். மாமியார் அப்போதே இல்லை. பையனுக்கு இழுப்பு. மழை வந்தால் நெஞ்சில் விசில் ஊதும். பதினாலு வயது மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விசிலையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஜுரத்தில் அவள் புருஷன் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த விசில்தான். இதெல்லாம் பரிதாபமான கதை என்று எனக்கும் தெரியும். பரிதாபப்படவும் செய்தேன். பரிதாபம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் என்னிடம் குடியிருந்தன.

நான் காஞ்சிபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் மாதம். ஒரு மத்தியானம் கிணற்றிலிருந்து குடத்தோடு வருகிறேன். தூங்கி எழுந்தவர் சமையல்கட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். அக்கா கேட்கிறாள்:

"தூக்கத்துல சரம் மாறிச்சா தம்பி?"

"எங்கண்ணி மாறிச்சு? படுத்ததுலேர்ந்து ஒரே பக்கந்தான்."

"அதான் மூஞ்சி வாடிக்கீது. நாளைக்கு நான் கிட்ட குந்திகினு பாக்கறேன்."

எனக்குக் குடம் நழுவியது. எங்கள் ஊரில் சரம் என்றால் பூச்சரம். என் தலையில் அப்போதும் மல்லிகைச் சரம் இருந்தது. படுக்கையில் என் பூ எந்தப் பக்கம் கிடந்தது என்று இந்த மனுஷர் தன் அண்ணியிடம் ஒப்பிக்கிறார், அவளும் நாளைக்குக் கிட்ட உட்கார்ந்து பார்க்கிறேன் என்கிறாள்! பூவைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன். அதற்குப் பிறகு பல நாள் தலையில் பூவே வைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கவனித்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

"இன்னா கமலா, பூ வைக்க மாட்டேன்றே? தம்பி எதுனா சொல்லிச்சா?"

"என் சரம் எந்தப் பக்கம் இருந்தா உங்களுக்கு இன்னாக்கா? அதையும் குந்திகினு பாக்கணுமா?"

அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அம்மிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு என் கையைப் பிடித்து, என் விரலையே மடக்கி, என் மூக்குக்குக் கீழேயே வைத்தாள்.

"எந்தப் பக்கம் காத்து நல்லா வருது, சொல்லு."

"வலது."

"அதான் சரம். ஒனக்கு இப்ப வலது சரம் ஓடுது. சூரியன். அதான் இம்மாங் கோவம்."

மூச்சு இரண்டு துவாரத்திலும் ஒரே அளவாக ஓடுவதில்லை என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது பாதி அடைத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து முறை மாற்றிக்கொள்ளும். இடதில் ஓடினால் சந்திரன், குளிர்ச்சி. வலதில் ஓடினால் சூரியன், சூடு. இதைத்தான் சரம் என்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூச்சரமாகவே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. பூ என்னுடையது. எடுத்து எறிந்தேன், தீர்ந்தது. அவர் மூச்சை நான் எங்கே போய்ப் பிடுங்கி எறிவது?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கிற புருஷன் ஊருக்கெல்லாம் பொது. அச்சகத்து மேனேஜர் அதட்டலாம், டிராம் கண்டக்டர் தள்ளலாம், தெருவில் போகிறவன் நிறுத்திப் பேசலாம். தூங்குகிற புருஷன் ஒருத்திக்குத்தான் சொந்தம். அந்த முகம் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குக் கிடைத்ததோ பகல் தூக்கம். அதையும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி காதால் எடுத்துக்கொண்டாள். அந்தத் தூக்கம் எனக்கு வேண்டும். எனக்கு மட்டும் வேண்டும். இதில் பேராசை எதுவும் இருப்பதாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

அவர் விழித்திருந்தால் அக்காவின் ஆட்சி இன்னும் மோசம். வெளியே கிளம்புகிறவரை வாசலில் நிறுத்தி, விரலை வைத்துப் பார்த்து, எந்தச் சரம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் காலை முதலில் எடுத்து வைத்துத்தான் போகச் சொல்வாள். அச்சகத்து வேலைக்கு அவரைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்த அன்று சரம் சரியாக இல்லையென்று திருப்பி உட்கார வைத்துவிட்டாளாம். மாறுகிறவரை இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்து, டிராமைக் கோட்டைவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். வேலை கிடைத்தது. சரத்தால் கிடைத்தது என்பாள் அக்கா. மனுஷனுக்குத் தமிழில் ஒற்றுப் பிழை வராது, அதனால் கிடைத்தது என்பேன் நான். அவர் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார்.

ஆனால் அவளுடைய நிஜமான வித்தை தூக்கத்தில்தான் இருந்தது. அறைக்கு வெளியே கூடத்தில் முறத்தோடு உட்காருவாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவர் மூச்சைக் கேட்பாள். கண் அரிசியில்தான் இருக்கும்.

"முழிச்சிகினு கீறப்ப சரம் சும்மா சும்மா மாறும் கமலா. தூங்கிட்டா அதுக்கும் சோம்பல் வந்துடும். ஒரே பக்கமா கெடக்கும். பொரண்டு படுத்தா மாறும். எடது பக்கமா படுத்தா மேல கீற வலது தெறக்கும், வலது பக்கமா படுத்தா எடது தெறக்கும். தோ கேளு. மொதல்ல நீளமா இழுத்துகினு இருந்துதா? இப்ப குட்டி குட்டியா, தாளம் தப்பி வருதா? கனா காணுது. கனா முடியறதுக்குள்ள மாறிடும் பாரு."

'கனா காணுது' என்பாள். மீசை வைத்த, முப்பதை நெருங்குகிற, எம்.ஏ. படித்தவன் எழுதியதிலேயே பிழை கண்டுபிடிக்கிற ஒரு மனுஷர், அவள் வாயில் 'தூங்குது', 'எழுந்துச்சு', 'கனா காணுது'! தொட்டில் குழந்தை போல. எனக்கு அந்த 'து'வைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் எத்தனை மரியாதையாக 'அவர்' போட்டாலும் அந்த 'து'வுக்குப் பக்கத்தில் அது மூன்றாம் வீட்டுக்காரி பேசுவது போல இருந்தது.

அவளைப் பொய்யாக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் சீதனத்தில் ஒரு கைக்கண்ணாடி வந்திருந்தது. அவர் தூங்கும்போது அதை மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடித்தால் இரண்டு திட்டாக ஆவி படியும். எந்தப் பக்கத்துத் திட்டு பெரிதோ அந்தப் பக்கம் சரம் ஓடுகிறது. கூடத்திலிருந்து அவள் "இப்ப எடது" என்பாள். நான் உள்ளே பூனை மாதிரி போய்க் கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பேன். இடதுதான் பெரிதாக இருக்கும். "மாறிடுச்சு" என்பாள். போய்ப் பார்த்தால் மாறியிருக்கும். ஒரு நாளாவது தப்பாகச் சொல்லித் தொலைக்கமாட்டாளா என்று கபாலீசுவரரையே வேண்டிக்கொண்டேன். அவரும் அவள் கட்சி போலிருக்கிறது.

ஒரு நாள் கண்ணாடியோடு குனிந்திருந்தபோது அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"இன்னாடி இது? செத்துட்டனா இல்லையான்னு பாக்குறியா?"

கூடத்தில் முறத்திலிருந்து அரிசி சிதறும் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அன்று பூராவும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தோள் குலுங்கியது. அது போதாதென்று சாயங்காலம் அவர் முன்னாலேயே சொன்னாள்: "கமலாவுக்கு எடதும் இல்ல, வலதும் இல்ல. நேத்து மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துச்சே, பாத்தேன். அதுக்கு வாய்ச் சரந்தான்!" அவர் காப்பி புரையேறும்படி சிரித்தார். நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவள் என்பது அப்படித்தான் அம்பலமானது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் பகலில் கண்ணை மூடியதில்லை.

அவளால் சந்தே ரகசியம் பேசப் பழகியிருந்தது. காலையில் சந்து முனையிலேயே போய் நின்றுவிடுவாள். கூடை தூக்கி வருகிற ஒவ்வொருவரிடமும் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். எங்கள் சந்துக்குள் வந்ததும் மீன்காரி, உப்புக்காரன், கோலமாவு விற்கிறவள் எல்லாரும் குரலை இறக்கிவிடுவார்கள். "வெண்டைக்கா வேணுமா" என்று ஒருத்தி வாசலில் காதோடு கேட்டால் எப்படியிருக்கும்! புதிதாகக் குடி வந்தவர்கள் எங்கள் வீட்டில் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்றே நினைத்தார்கள்.

ஒரு சங்கதி எனக்குத் திருப்தியாக இருந்தது. நான் வந்த புதிதில் அவருக்கு மூச்சு அடைத்தால் அக்கா உள்ளே போய்த் தோளைத் தொட்டு இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பாள். கொஞ்ச நாளில் அதை நிறுத்திவிட்டாள். அறை வாசலில் நின்றுகொண்டு, "கமலா, தோளைப் புடிச்சி இப்பிடிக்கா திருப்பு" என்பாள். என் புருஷனைத் தொட எனக்கு உத்தரவா! "தூங்கற மனுசரத் தொடக் கூடாதுன்னு எங்கூட்ல சொல்வாங்க" என்று நானும் மறுத்துவிட்டேன். அப்படி எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அக்கா வாதாடவில்லை. கால்மாட்டைச் சுற்றிப் போய்த் தலையணையின் முனையைப் பிடித்து, தேர் வடம் இழுப்பது போல மெல்ல மெல்ல இழுப்பாள். தலை உருளும், தலைக்குப் பின்னால் தோள் உருளும், மனுஷர் தானாகவே திரும்பிப் படுப்பார். மூச்சுத் திறந்துகொள்ளும். தோளைத் தொடாமல் விட்டாளே, எனக்குப் பயந்துதான் விட்டாள் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணம் காலியாயிற்று. மாட வீதியில் மாட்டு வண்டிகள் அண்டா குண்டான்களோடு வரிசை கட்டி நின்றன. எழும்பூரில் ரயிலில் ஜன்னல் வழியாகப் பெண்களை ஏற்றினார்கள். பத்திரிகை நிற்கக் கூடாது, அவர் ஊரைவிட்டு நகர முடியாது. "நீங்க ரெண்டு பேரும் காஞ்சிபுரம் போய்டுங்க" என்றார்.

"தம்பிய வுட்டுட்டு நான் எங்க போவறது?" என்றாள் அக்கா. "நீ போ கமலா, சின்னப் பொண்ணு. நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன்! ஒரு மாதமோ இரண்டு மாதமோ, ஆளில்லாத சந்தில், சத்தமில்லாத வீட்டில், அவர் தூங்குவார், இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்குக் குண்டு ஒரு பொருட்டாகவே படவில்லை. ஊரே ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடியது. நான் ஒருத்தி அக்காவுக்குப் பயந்து ஓடாமல் இருந்தேன்.

அழுதேன். சாப்பிடாமல் படுத்தேன். தாலியைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசினேன். கடைசியில் ஒரு யோசனை செய்தேன். வீட்டில் மாமியார் காலத்துப் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் நிறைய இருந்தன. குண்டு விழுந்தால் போய்விடுமே, பொறுப்பான ஒருத்தர் கூடப் போக வேண்டாமா, எனக்கு அத்தனை சாமர்த்தியம் ஏது என்று ஆரம்பித்தேன். அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மடக்கிய விரலை என் மூக்குக்குக் கீழே கொண்டு வந்தாள்.

"வலதுதான் ஓடுது" என்றாள். மறுநாள் வண்டியேறிவிட்டாள். பாத்திரங்களோடு என் தாய் வீட்டுக்கு.

அப்பாடா என்று நான் நினைத்தது கொஞ்ச நாள்தான். அரிசி கொண்டுவந்து கொடுக்க என் அப்பா வந்தார். வந்தவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சரியாக இடது பக்கமாகச் சரிந்து படுத்தார். "உன் ஓரகத்தி தங்கமம்மா" என்றார். "எனக்கு எத்தினி வருசமா தூக்கமே இல்ல? இப்ப படுத்தா போதும். இப்பிடிப் படு, அப்பிடித் திரும்புன்னு சொல்லித்தான் பழக்குச்சு. உங்கம்மா அது இல்லாம காப்பி குடிக்க மாட்டேன்றா." போனவள் என் அப்பன் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டாள்.

இங்கே என் கதை வேறாக இருந்தது. சந்தில் மீன்காரி இல்லை, உப்புக்காரன் இல்லை. காக்கை மட்டும்தான். இப்படிப்பட்ட அமைதியில் கல்லும் தூங்கும். அவர் தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுத்தார். எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். நான் வெளியே அக்காவின் இடத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே காற்றாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்கப் பிடிபட்டது. மூச்சு நீளமாவது தெரிந்தது. குட்டியாகித் தாளம் தப்புவதும் தெரிந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், என் கணக்கும் சரியாக இருந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, திருடிக் கற்றதுதான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி இந்தத் தூக்கம் என்னுடையது.

அன்றைக்கே, முன்பகலில், அவருக்கு மூச்சு அடைத்து மெல்லிய விசில் கேட்டது. உள்ளே போனேன். மல்லாந்து கிடந்தார். தலையணையை இழுக்கிற வேலையெல்லாம் எனக்கு எதற்கு? நான் பெண்டாட்டி. தோளில் கையை வைத்து இடது பக்கமாகத் திருப்பினேன். கண்ணைத் திறக்காமலே குழந்தை போலத் திரும்பினார். உதடு அசைந்தது.

"சரி அண்ணி."

மூச்சுத் திறந்துகொண்டது. அருமையாகத் தூங்கினார். நான் அங்கேயே சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சமயத்தில் ஜப்பான்காரன் வந்து ஒரு குண்டைப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

மறுநாளும் திருப்பினேன். "சரி அண்ணி." வளையலைக் குலுக்கிக்கொண்டு திருப்பினேன். "சரி அண்ணி." காதில் "நான் கமலா" என்று சொல்லிவிட்டுத் திருப்பினேன். கொஞ்சம் யோசிப்பது போல முகத்தைச் சுளித்துவிட்டு, "சரி அண்ணி" என்றார். எழுந்தபின் அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார், சிரித்து அவளிடமே சொல்லுவார்.

பயம் தெளிந்து ஊர் திரும்பியது. அக்காவும் பாத்திரங்களோடு திரும்பினாள். உள்ளே வந்ததும் தூங்கிக்கொண்டிருந்தவர் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பாத்துகினு கீறே" என்றாள். பிறகு பழையபடி முறம், கூடம், கல் பொறுக்குதல். ஒன்று மட்டும் மாறியது. அவருக்கு மூச்சு அடைத்தால் இப்போது நானும் தோளைத் தொடாமல் தலையணையை இழுத்தேன். தொட்டால் அவள் காதுபட "சரி அண்ணி" வந்துவிடுமே! அவள் ஒரு நாள் இழுப்பாள், நான் ஒரு நாள் இழுப்பேன். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி வடம் பிடிக்க, நடுவில் சாமி நிம்மதியாகத் தூங்கியது. இப்படியே யுத்தம் முடிந்தது.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். அவருக்குப் பகல் ஷிப்டு கொடுத்தார்கள். இனிமேல் எல்லாரையும் போல ராத்திரித் தூக்கம். அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற தூக்கம். செய்தி கேட்ட மத்தியானம் அக்கா கிணற்றடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். ஜெயித்தவள் முகத்தை மறைப்பது கஷ்டம். குனிந்துகொண்டேன்.

"இனிமே நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

"சரிக்கா."

கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். பிறகு, "நான் காஞ்சிபுரம் போயிருந்தப்ப தம்பியத் தொட்டுத் திருப்பினியா?" என்றாள்.

"திருப்பினேன்."

"எதுனா சொல்லிச்சா?"

"ஒண்ணும் சொல்லலியே. ஏன்?"

அக்கா காம்பை எறிந்தாள். "எங்கிட்ட சொல்லிச்சு. நீ வந்த ரெண்டாம் மாசம். மூச்சு அடைக்குதேன்னு போயித் திருப்பினேன். சின்னப் புள்ளையிலேர்ந்து நான் திருப்பினா 'சரி அண்ணி'ன்னும். அன்னிக்கு 'சரி கமலா'ன்னுச்சு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அதுலேர்ந்து நான் தோளைத் தொடறதில்ல. எத்தினி வருசம் ராவும் பகலும் பக்கத்துல குந்திகினு கெடந்தேன், ரெண்டே மாசத்துல பேரு மாறிடுச்சு பாரு. ஒம்மேல எனக்கு எம்மாம் எரிச்சல் தெரியுமா கமலா? ஒன்ன இந்த வூட்ட வுட்டுத் தொரத்தணும்னுகூட இருந்துது."

என்னைப் போல இன்னொருத்தி! அத்தனை வருஷமும் எனக்கு எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு எரிந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைதான். என்னிடம் அவர் உங்களைத்தான் கூப்பிட்டார் அக்கா, இந்த நிமிஷம் தொட்டாலும் உங்களைத்தான் கூப்பிடுவார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நானும் ஒரு கொத்து எடுத்துக் கீரை உருவ ஆரம்பித்தேன்.

அன்று ராத்திரி அறைக் கதவைச் சாத்தினேன். வெளியே கூடத்தில் அக்கா பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு என்ன காது என்று எனக்குத் தெரியாதா? நடுவில் அவருக்கு மூச்சு அடைத்து விசில் கிளம்பியது. தலையணையை இழுத்தேன், அசையவில்லை. விசில் பெரிதாயிற்று. வேறு வழியில்லாமல் ஒரு கையைத் தோளில் வைத்தேன். இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினேன். திருப்பினேன். என் உள்ளங்கையில் அவர் உதடு அசைந்தது. மூன்று எழுத்துத்தான் அண்ணி. எழுத்தெழுத்தாகக் கையில் பட்டது. பிறகு வலது மூக்குத் திறந்து, விரல் மேல் சூடாகக் காற்று வந்தது. கையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கதவைத் திறந்தால் அக்கா கூடத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணைப் பார்த்தால் தூங்கியவள் போல இல்லை.

"சரம் மாறிச்சா கமலா?"

"மாறிடுச்சுக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பாயைச் சுருட்டத் தொடங்கினாள். நான் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவளைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனேன்.